குவைத் பக்கத்து வீட்டில் இருக்கிறது

பெரம்பலூருக்குள் போகும் என்று நம்பி நான் ஏறிய பேருந்து பெரம்பலூருக்குள் போகவில்லை. பைபாஸில் ஓரங்கட்டி, "பெரம்பலூர் எறங்குறவங்க வாங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். வெளியே பார்த்தேன். ரோடு இருந்தது, வெயில் இருந்தது, ஊரைக் காணவில்லை.

"உள்ள போவாதுங்களா?"

"ஏறும்போதே சொன்னேனேம்மா."

சொல்லியிருப்பார். ஏறும்போது நான் கேஸ் அடுப்பை மூடினேனா என்ற யோசனையில் இருந்திருப்பேன். இறங்கியதும் முதல் வேலையாகத் திருப்பூரில் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டு, போய்ப் பார்க்கச் சொன்னேன். மூடித்தான் இருக்கிறது என்றார். "போன தடவையும் மூடித்தான் இருந்துச்சு கண்ணு" என்று சேர்த்துக்கொண்டார்.

ஷேர் ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "ஏறுங்க. தெனம் பத்துப் பேராச்சும் இப்புடித்தான் முழிச்சிக்கிட்டு நிப்பாங்க. இந்த பைபாஸ்தான் எனக்குச் சோறு போடுது" என்றார். ஏமாந்தவளுக்கு அந்தப் பேச்சு எப்படியோ ஆறுதலாக இருந்தது.

நான் வந்த காரியம் ஒரு கதை. அதைச் சொல்லிவிட்டால் மற்றது சுலபம்.

எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, படிக்கும் பழக்கம் நிற்கவில்லை. அதிலும் காலம் வேறு மாதிரி நடந்துகொள்ளும் கதைகள் என்றால் எனக்கு உயிர். கடிகாரம் ஒழுங்காக ஓடும் கதைகளில் யாராவது ஒருவர் எதற்காவது தாமதமாகிக்கொண்டே இருப்பார், எனக்குப் படபடப்பு வந்துவிடும். காலம் கோணலாகப் போகும் ஊரில் அந்தப் பயம் இல்லை. இந்த மாதிரிக் கதைகளைச் சொல்லவும் கேட்கவும் நாங்கள் சிலர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். எழுதுவதைவிட வாயால் சொல்லி அனுப்புகிறவர்கள்தான் அதிகம். ஒருவர் சொன்ன ஊரில் ஏரித் தண்ணீரைப் போலக் காலத்தையும் முறை வைத்துத் திறந்துவிடுவார்கள். தலைமடைத் தெருக்காரர்கள் மளமளவென்று வயதாகிச் செத்துப் போக, கடைமடைத் தெருப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். இன்னொரு ஊரில் யாராவது பேசினால்தான் பொழுது நகரும். அங்கே ஊமையாக இருப்பவர்களைப் பார்த்து எல்லோருக்கும் பொறாமை.

அந்தக் குழுவில்தான் கலைச்செல்வி பழக்கமானாள். மீன்சுருட்டிப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கும்போது இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கதை கேட்பாள். நான் பனியனில் ஓட்டை தேடிக்கொண்டே கேட்பேன். ஒருநாள் அவள், "நீங்கள்லாம் கற்பனை பண்றீங்க, எங்க வூட்ல நெசமாவே நடந்துச்சு" என்று ஆரம்பித்து ஒரு சங்கதி சொன்னாள்.

அவர்கள் குடும்பத்தில் தூரப் பயணம் என்றால் பரஸ்தானம் வைப்பது வழக்கம். கிளம்புகிற நாளில் நேரம் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வரும் ஒரு நல்ல நேரத்தில் பயணக்காரரின் பையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பை போய்விட்டால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. ஆனால் பையை மறுபடி வீட்டுக்குள் எடுத்து வரக்கூடாது. வந்தால் பயணம் முறிந்ததாகிவிடும்.

கலைச்செல்வியின் வீட்டுக்காரர் ராமலிங்கத்துக்குக் குவைத்தில் டிரைவர் வேலை அமைந்தது. டிக்கெட் வியாழக்கிழமை வரும் என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பி, திங்கட்கிழமையே பையைப் பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் வைத்துவிட்டார்கள். டிக்கெட் அந்த வியாழனும் வரவில்லை, அடுத்த வியாழனும் வரவில்லை. ராமலிங்கம் வீட்டில்தான் இருந்தார். ஆனால் கணக்குப்படி போய்விட்டார். நல்ல சட்டைகளெல்லாம் பையில் இருந்ததால், வெளியே போக வேண்டுமென்றால் அஞ்சலை வீட்டுக்குப் போய் உடுத்திக்கொண்டு, திரும்பி வந்து அங்கேயே கழற்றி வைப்பார். தெருப்பிள்ளைகள் அஞ்சலை வீட்டுக்குக் குவைத் என்று பேர் வைத்தார்கள். ராமலிங்கம் பக்கத்தில் நிற்கும்போதே, "என்ன கலை, ஒம் வூட்டுக்காரரு போன் பண்ணுனாரா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்த டிக்கெட் கடைசிவரை வரவேயில்லை. இப்போது அவர் உள்ளூரிலேயே சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார்.

நான் இதைக் கதையாக எழுதினேன். என் கதையில், பை வெளியே போன நொடியில் ஆள் வீட்டாரின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவான். அவன் அங்கேதான் உட்கார்ந்திருப்பான். பெண்டாட்டி வெளிநாட்டுக்குப் போன் போடுவாள், அவன் அடுத்த அறையிலிருந்து எடுத்து, பாலைவனத்து வெயிலைப் பற்றிச் சொல்லுவான். அப்படியே வருஷங்கள் போகும். ஒரு சிறுபத்திரிகை அதைப் போடுகிறேன் என்றது. என் எழுத்து அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. கலைச்செல்வியிடம் கேட்டேன். "எனக்குச் சரிதான்க்கா. ஆனா அவரு ஒத்துக்கணும். நீங்களே வந்து படிச்சுக் காட்டுங்க" என்றாள். ஆசிரியரிடம் திங்கட்கிழமைக்குள் சொல்வதாக ஒப்புக்கொண்டு, சனிக்கிழமை பேருந்து ஏறிவிட்டேன். ராமலிங்கம் வேண்டாம் என்றால் கதை வராது. அதைவிடப் பெரிய பயம், கலைச்செல்வியும் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவாளோ என்பது.

முதல் நாள் பெரம்பலூரிலேயே தங்கினேன். நேராகப் போய் நிற்கத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. மெஸ்ஸில் மதியச் சாப்பாடு. சாம்பாரில் சின்ன வெங்காயம் முழுசு முழுசாகக் கிடந்தது. பழக்கதோஷத்தில் ஓரமாக ஒதுக்கினேன். பரிமாறிய பெண் விடவில்லை. "வெங்காயத்த ஒதுக்காதீங்கக்கா. இந்த ஊருல வந்து வெங்காயத்த ஒதுக்குனா ஏதோ சண்டைக்கு வந்துருக்காங்கன்னு நெனைப்பாங்க." தின்றேன். இனிப்பாக இருந்தது. திருப்பூரில் நாங்கள் ஷிப்ட் சங்கு ஊதுவதற்குள் சோற்றை முழுங்குகிறவர்கள். ஒரு வெங்காயத்துக்காக யாரும் நின்று பேசி நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்கப் போனேன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், மரம் எப்படிக் கல்லானது என்று கேட்டேன். "எங்க ரூட்டு பஸ்ஸுக்கு நின்னிருக்கும்" என்றார், சிரிக்காமல்.

கல்மரம் படுத்துக் கிடக்கிறது. சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததாம், அதில் விழுந்த மரமாம், கோடிக்கணக்கான வருஷமாம். எங்கள் ஊரில் போன சீசன் ஆர்டரே பழங்கதை. ஒரு புது ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

"இதான் மரமா? நான் நிக்கும்னு நெனச்சேன்."

"நின்னா நீ கல்லுன்னு நம்புவியா?"

"படுத்திருந்தாலும் நம்பலயே."

நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டையின் வரி அப்படியே இருக்கிறது. கண்ணுக்கு மரம், உள்ளே கல். யாரும் சொல்லாவிட்டால் மரமென்றுதான் நினைத்திருப்பேன். ராமலிங்கம் என்ன சொல்லப்போகிறாரோ என்ற பயம் வந்தது. கடைசிப் பேருந்து போய்விடும் என்று வேறு பயம் வந்ததால், அரைமணி முன்னாலேயே போய் நிறுத்தத்தில் நின்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அரியலூர். ரோடு முழுக்க லாரிகள். சுண்ணாம்புக்கல் ஒரு பக்கம் போகிறது, சிமெண்ட் மறுபக்கம் வருகிறது. ஓரத்து வேப்பமரங்களுக்கெல்லாம் நரை விழுந்ததுபோல் தூசி. ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டு, என் முந்தானையும் நரைத்தது.

முன்சீட்டில் ஒரு வடக்கத்திப் பையன் வீடியோவில் யாருடனோ இந்தியில் பேசிக்கொண்டு வந்தான். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களால் எனக்குக் கொஞ்சம் இந்தி புரியும். அஸ்ஸாம்காரன். "அதுக்குள்ள விளக்குப் போட்டுட்டீங்களா? இங்க பாரு, இன்னும் எவ்வளவு வெயில்னு" என்று போனை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினான். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல், "உனக்கு மட்டும் பகல் நீளம். சரி, வேலை செய்" என்றது. நாடு முழுக்க ஒரே மணிதான். இருட்டுவது மட்டும் அவரவர் ஊர்ப்படி. இதை யாரும் கதை என்று சொல்வதில்லை.

இந்தப் பேச்சைக் கேட்டது சாயங்காலம் மீன்சுருட்டிக்குப் போகும்போது. அதற்கு முன்னால் காலையில் கல்லங்குறிச்சிக் கோயிலுக்குப் போய் வந்திருந்தேன். பேரிலேயே யுகத்தை வைத்திருக்கிற கலியுக வரதராசப் பெருமாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. விளைந்ததில் முதல் பங்கைச் சாமிக்குக் கொண்டுவந்து கொடுக்கிற ஜனங்கள். ஒரு குடும்பம் எள் மூட்டையோடு வந்திருந்தது. அங்கே சிலை இல்லை, சாமி கம்பமாக நிற்கிறார். நான் கதையைப் பற்றி வேண்டிக்கொண்டேன். அப்புறம் அடுப்பைப் பற்றியும்.

மீன்சுருட்டி நிறுத்தத்தில் கலைச்செல்வி நின்றாள். மூன்று வருஷமாகக் காதுக்குள் கேட்ட குரல், முதல் தடவையாக ஒரு முகத்தோடு.

"வாங்கக்கா. கொரல்ல ஒல்லியா இருந்தீங்க" என்றாள்.

நடந்து போகும்போது அவள் என் கையை விடவே இல்லை. உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. முந்திரிக்கொட்டைப் பால் பட்டுப்பட்டுத் தோல் உரிந்துவிடும் என்றாள். வழியெல்லாம் முந்திரித் தோப்பு. கீழே விழுந்த பழங்களின் வாசனை புளிப்பும் தித்திப்புமாக ஊரைத் தூக்கிப் பிடித்திருந்தது.

ராமலிங்கம் நெடுநெடுவென்று, கூச்சமாக இருந்தார். "வாங்கக்கா, பஸ்ஸு கெடைச்சுதா?" என்று கேட்டுவிட்டு மோட்டார் போடப் போனார். தண்ணீர்த் தொட்டி நிரம்பியே இருந்தது. கருவாட்டுக் குழம்பும் சோறும் ஆனபோது, ஒரு கிண்ணம் நிறைய முந்திரிப்பழத் துண்டுகளில் உப்பு மிளகாய்த்தூள் போட்டுக்கொண்டு ஒரு பெண் நுழைந்தாள்.

"குவைத்துலேருந்து வரேன்" என்றாள். அஞ்சலை.

"வந்துட்டாளா" என்றார் ராமலிங்கம்.

"வராம? நீ எங்க வூட்ல வந்து சட்டை மாத்துன கதைய எழுதியிருக்காங்களாம். நான் கேக்க வாணாமா?"

நான் படித்தேன். பாதியில் நிறுத்தினேன். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு மறுபடி படித்தேன். அஞ்சலை இரண்டு இடத்தில் சிரித்தாள். போன் வருகிற இடத்தில் சிரிப்பை நிறுத்தினாள். படித்து முடித்தேன். ராமலிங்கம் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஊரே சிரிச்சு ஓஞ்சிருக்கு" என்றார் கடைசியில். "மறுபடி அச்சுல போட்டு வேற சிரிக்கணுமா?"

"வேண்டாம்னா போடலீங்க" என்றேன் உடனே. அதைச் சொல்லத்தான் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தேன்.

"அதில்லக்கா." அவர் இன்னும் நிமிரவில்லை. "சிரிச்சாக்கூடப் பரவால்ல. இதுல அந்த ஆளு பொய் சொல்றான். குவைத்துல இருக்கேன், வெயிலா இருக்குதுன்றான். நான் ஒரு நாள் பொய் சொல்லல. தெனம் சொன்னேன், நான் போவல, இங்கதான் இருக்கேன்னு. எவனும் கேக்கல. எங்க சித்தப்பா மவ கல்யாணத்துல நான்தான் பந்தியில மோர் ஊத்துறேன், எனக்கு எலை போடல. என்னடான்னா, நீதான் ஊருல இல்லையேன்னு எலை போடுறவன் சிரிக்கிறான். எல்லாரும் சாப்ட்டு எந்திரிச்சாச்சு. நான் வூட்டுக்கு வந்து பழைய சோத்தத் தின்னேன்."

"இத எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள் கலைச்செல்வி.

"சொன்னேன். நீயுந்தான் சிரிச்ச."

அஞ்சலை கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து திருப்பூருக்கு நடந்துவிடலாம்போல இருந்தது. ஆனால் உள்ளே வேறொன்று ஓடியது. கதையில் அடுத்த அறையிலிருந்து அவன் நிஜத்தைச் சொல்லுகிறான். நான் இங்கேதான் இருக்கிறேன், எழுந்து வந்து பார் என்கிறான். அவள் நம்பவில்லை. விளையாடாதீங்க, அங்க சாப்பாடெல்லாம் எப்படி என்கிறாள். என் கதையைவிட இது நல்ல கதை. என் கதையைவிடப் பயங்கரமும்கூட.

அதை அப்படியே சொன்னேன். ராமலிங்கம் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "ஆங், அதான். அதான் நடந்துச்சு."

"அப்புடி எழுதுனா நான் பைத்தியக்காரியா ஆயிடுவேன்ல?" கலைச்செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. "புருசன் இங்க இருக்கேன்னு கத்துறான், இவ கேனச்சி மாதிரி போன்ல பேசிக்கிட்டிருக்கா. அப்புடித்தானே படிக்கிறவங்க நெனைப்பாங்க? பைய நானா கொண்டுபோயி வச்சேன்? ஒங்க அம்மாதானே வைக்கச் சொன்னாங்க!"

"நேரம் பாத்துட்டு வந்தது யாரு?"

"பாத்துட்டு வந்தேன். நீங்க நல்லாருக்கணும்னு பாத்தேன்."

"நல்லாத்தான் இருக்கேன். யாரு கண்ணுக்கும் தெரியாம."

அஞ்சலை என்னைப் பார்த்து, "இதுக்குத்தான் நான் கதையெல்லாம் கேக்கறதில்ல" என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை.

கலைச்செல்வி என் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "சரி, எழுதுங்க. ஆனா ஒண்ணு. கடைசீல அவ போன வச்சுட்டு, எந்திரிச்சு, அந்த ரூம எட்டிப் பாக்கணும்."

"பாத்தா? தெரியறானா?"

"பாக்கட்டும்க்கா மொதல்ல. தெரியறதும் தெரியாததும் அப்புறம். நான் பாத்திருக்கணும். பாக்கல."

ராமலிங்கம் சம்மதம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் அவரே கழுவி வைத்தார். பெண்டாட்டி தட்டையும் சேர்த்து.

காலையில் அவர்கள் எழும் முன்னால் உட்கார்ந்து போனிலேயே திருத்தி எழுதினேன். பாதியில் சார்ஜ் போய்விடுமோ என்று பயந்து, ஒயரைச் சொருகிக்கொண்டு சுவரோரமாகவே எழுதினேன். ஆசிரியருக்குப் பதில் சொல்ல வேண்டிய நாளும் அன்றைக்குத்தான். கலைச்செல்வி டீயோடு வந்தாள். "படிங்க" என்றாள். ராமலிங்கம் உள்ளறையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே படித்தேன். கடைசி வரிகளில் அவள் போனை வைக்கிறாள். எழுந்திருக்கிறாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள். அத்தோடு கதை முடிந்தது.

உள்ளே சீப்பு வைக்கிற சத்தம் கேட்டது. லாரிச் சாவியோடு வெளியே வந்தார்.

"அந்த ஆளுக்குப் பேரு என்னக்கா வச்சிருக்கீங்க?"

"பேரு வைக்கலீங்க. அவன்னுதான் எழுதியிருக்கேன். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தார். "வூட்டுல ஒருத்தருக்கும் கண்ணுக்குத் தெரியல. பேராச்சும் இருக்கட்டும். எம் பேரையே போடுங்க."

"ஊர்ல சிரிப்பாங்களே?"

"சிரிக்கட்டும். சிரிக்கறவன் என்னையப் பாத்துத்தானே சிரிக்கணும்."

போய்விட்டார். நான் போனை எடுத்து ஒவ்வொரு இடமாகத் தேடினேன். கலைச்செல்வி ஒட்டி உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என்று இருந்த முதல் இடத்தை அழித்து ராமலிங்கம் என்று அடித்தேன்.

"இனிஷியலையும் போடுங்கக்கா" என்றாள். "இந்த ஊருல ராமலிங்கம் நெறைய பேரு இருக்காங்க."